வெள்ளிக்கிழமை வெட்டிய நகம்

எங்கள் அவசரப் பிரிவுக்கு ஒரு பெரியவரைத் தூக்கி வந்தால் சொந்தக்காரர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள், டாக்டர் மானிட்டரைப் பார்ப்பார். நான் விரலைப் பார்ப்பேன். நகம் இருக்கிறதா என்று பார்ப்பேன். சிரிக்காதீர்கள். திருப்பூரில் இன்று எழுபதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் மொட்டை விரலோடுதான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள்.

எல்லாம் நகமானி கொண்டு வந்த வினை. தீப்பெட்டி அளவுக் கருவிதான். பெரியவரின் கட்டைவிரலை அதற்குள் நுழைத்தால், நகத்தின் அடியிலிருந்து நுனி வரை வெளிச்சம் ஓடி, அந்த உடம்பு கடந்த அரை வருடம் என்ன சாப்பிட்டது, என்ன சாப்பிடவில்லை என்று சொல்லிவிடும். நகம் மெல்ல வளர்கிற பொருள். தின்றதும் தின்னாததும் அதில் வரிவரியாகப் படிந்து கிடக்கும். முன்பெல்லாம் ஒரே நிமோனியா இரண்டு கிழவர்களுக்கு வரும். ஒருவர் ஒரு வாரத்தில் எழுந்து காபி கேட்பார், இன்னொருவர் போய்ச் சேர்ந்துவிடுவார். ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம். நகமானி வந்ததும் நோயின் கடுமைக்கு ஓர் எண், உடம்பின் கையிருப்புக்கு ஓர் எண், இரண்டையும் சேர்த்துப் பார்த்து வைத்தியம் செய்தோம். முதல் வருடம் எத்தனை உயிர் தப்பியது தெரியுமா? நானே அந்தக் கருவிக்கு ஆயுத பூஜையன்று சந்தனப் பொட்டு வைத்தேன்.

பிறகு எந்தப் புண்ணியவானுக்கோ மூளை வேலை செய்தது. பெற்றவர்களைப் பட்டினி போடும் பிள்ளைகளை இதை வைத்தே பிடிக்கலாமே என்று அன்னக் காப்புச் சட்டம் கொண்டு வந்தார்கள். நகத்தில் பட்டினி தெரிந்தால் கருவியே காவல் பிரிவுக்குத் தகவல் அனுப்பிவிடும். வீட்டில் சோறு போடுகிறவருக்கு ஜெயில், பெரியவருக்கு அரசுக் காப்பகம். எண்ணம் நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஜனங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆம்புலன்சுக்குப் போன் போட்ட கையோடு நகவெட்டியைத் தேடினார்கள். ஒட்ட வெட்டி, மிச்ச நகத்தை உப்புத்தாளால் சதை சிவக்கிற வரைக்கும் தேய்த்துக் கூட்டி வந்தார்கள். எங்கள் பேட்டையில் சலூன்காரர் ஒருவர் அதற்கு ‘ஆஸ்பத்திரி வெட்டு’ என்று பெயரே வைத்துவிட்டார்.

சம்பத்குமாரைக் கொண்டு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர், எழுபத்தெட்டு வயது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, உடம்பு கொதித்தது, கண் சொருகிக் கிடந்தது. கூட வந்தவள் மருமகள் மிருதுளா. தலைக்குக் குளித்து ஈரம் காயாத கூந்தலும், மல்லிகையும், குங்குமமுமாக, ஏற்றிய விளக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். புருஷன் தரணீஷ் லாரி ஓட்டுகிறவன், கரூர் தாண்டிப் போயிருக்கிறான் என்றாள்.

நான் பெரியவரின் கையைத் தூக்கினேன். பத்து விரலும் மொட்டை. ஓரங்களில் வெள்ளைத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

“எப்பம்மா வெட்டுனது?”

“போன ஞாயித்துக்கிழமைங் சிஸ்டர். மாமாவுக்கு நகம் வளந்தாப் புடிக்காதுங்.”

“தூளு இன்னும் பறக்குது, ஞாயித்துக்கிழமைங்கறே.”

பொய் சொல்லும் குடும்பங்களைத் தினமும் பார்க்கிறவள் நான். அவர்கள் விவரமானவர்கள், வாராவாரம் வெட்டிப் பழக்கமாக்கி வைத்திருப்பார்கள். இவள் அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை நகம் வெட்டினால் வீட்டு லட்சுமி வெளியே போய்விடுவாள் என்று நம்புகிற ஜாதிப் பெண் இவள், நெற்றியைப் பார்த்தாலே தெரிகிறது. அப்படிப்பட்டவள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே உட்கார்ந்து மாமனாரின் பத்து விரலையும் வெட்டித் தேய்த்திருக்கிறாள் என்றால், அந்த நகத்தில் எழுதியிருந்தது எவ்வளவு பயங்கரமாக இருக்க வேண்டும்!

நகமானிக்குள் விரலை வைத்தேன். ‘படிக்க இயலவில்லை’ என்றது. அது என்ன செய்யும், பாவம்.

அன்று பணியில் இருந்தவர் டாக்டர் ஸஹானா. சின்ன வயசு, ஆனால் கை சுத்தம். சர்க்கரை தரைமட்டத்தில் இருந்ததால் கொஞ்சம் குளுக்கோஸ் கொடுத்தார். பெரியவர் கண் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று பார்த்தார். டாக்டர் அவர் முழங்காலுக்குக் கீழே விரலை அழுத்தினார். பள்ளம் அப்படியே நின்றது.

“கால் வீங்கியிருக்கு, முகம் ஊதியிருக்கு. எடை சரியாத்தான் காட்டுது,” என்று என்னிடம் மெல்லச் சொன்னார். “ஆனா இந்த வீக்கத்த எடுத்துட்டா உள்ள வெறும் எலும்புதான்னு எனக்குத் தோணுது சிஸ்டர்.”

“அப்ப மெதுவா ஏத்துங்களேன் டாக்டர்.”

“எதை வெச்சு? ரத்தத்துல பாஸ்பேட் இப்ப சரியாத்தான் காட்டும், அதான் இதுல இருக்கற மோசமே. பட்டினி கிடந்த உடம்பு கொறஞ்சதுல ஓடப் பழகியிருக்கும். திடீர்னு சத்து பூராவும் எறக்குனோம்னா, செல்லு ஒவ்வொண்ணும் ரத்தத்துல இருக்கறத இழுத்துக்கும். இருதயத்துக்கு மிச்சம் இருக்காது. நாளைக்கோ நாளான்னைக்கோ நின்னு போயிரும்.”

“நல்லாச் சாப்பிட்டவரா இருந்தா?”

“அப்ப மெதுவா ஏத்துறதுதான் தப்பு. இந்தக் கடுமைக்கு உடம்பு சண்டை போடணும், அதுக்கு முழுச் சத்தும் இப்பவே வேணும். ரெண்டுல எதுன்னு தெரியணும் எனக்கு. சத்து ஏத்துற பம்பும் சும்மா விடாது.”

பம்பு சும்மா விடாது என்பது உண்மை. ‘மெதுவோட்டம்’ என்று ஆணை போட்டால் நகத்தின் கணக்கைக் கேட்கும். நகம் இல்லையென்றால் வீட்டாரோ நோயாளியோ பட்டினி என்று வாய்திறந்து சொன்ன வாக்குமூலம் கேட்கும். இரண்டும் இல்லையென்றால் அது முழு அளவில்தான் ஓடும். யாரும் மனம்போல அளவைக் குறைத்து நோயாளியைச் சாகவிடக் கூடாது என்று பூட்டு போட்டிருக்கிறார்கள். மெதுவோட்டம் ஓடத் தொடங்கிய அந்த நொடியே காவல் பிரிவில் மணி அடிக்கும்.

மிருதுளாவைக் கேட்டோம். “மூணு வேளையும் நல்லாச் சாப்புடுவாருங்,” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. டாக்டர் மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னாள்.

நான் அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏனுங்கய்யா, உண்மையச் சொல்லுங்க. சோறு சாப்புட்டு எத்தன நாளாச்சு?”

“மூணு வேளையும் சாப்புடறனுங்.” ஆக்சிஜன் முகமூடிக்குள் குரல் குழறியது, ஆனால் புத்தி தெளிவாக இருந்தது.

“இங்க பாருங்க. நீங்க பட்டினி கிடந்திருந்து, அது தெரியாம நாங்க முழுசா ஏத்துனம்னா, செத்துருவீங்க. நோயில இல்ல. நாங்க ஏத்துற சத்துலயே சாவீங்க. உங்ககிட்ட எதுக்கு மூடி மறைக்கணும்?”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “மெதுவா ஏத்துனா?”

“பொழைக்கலாம்.”

“போலீசு வருமுங்களே.”

அவர் கை போர்வைச் சுருக்கத்தைத் தடவித் தடவி நேராக்கியது, கட்டிங் மேசையில் துணி விரிக்கிறவர்கள் செய்வது போல. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“எழுதிக்கங் அம்மணி. காத்தால இட்லி. மத்தியானம் சோறு, கொழம்பு. ராத்திரிக்கு உப்புமா. எம் மருமக ஒரு வேளை கூடத் தவற உட்டதில்லீங்.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “ரொம்பப் பசிக்குதுங். ஏத்தி உடுங்.”

அடப்பாவி மனுசா என்று வாய்க்கு வந்துவிட்டது. இத்தனை வருட வேலையில் சாகப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், சாக ஆசைப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டை விஷம் என்று தெரிந்து, பசியோடு கேட்டு வாங்கியவரை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எழுந்து நேராக வெளியே போனேன்.

மிருதுளா தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதையும், அவள் மாமனார் சொன்னதையும், இட்லி, சோறு, உப்புமா வரைக்கும். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். உப்புமா என்றதும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“அந்த மனுசனுக்கு வேற வேலையே இல்லீங் சிஸ்டர்,” என்றாள். “ஆரு மேலயும் பழி வரக் கூடாது அவருக்கு.”

“என்னதான் நடந்துச்சு கண்ணு?”

“காலு விழுந்ததுல இருந்து படுக்கைலயேதானுங் எல்லாம். நாங் காத்தால பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போயிட்டு வந்து சுத்தம் பண்ணுவனுங். ஒருக்காக் கூட முகஞ் சுளிச்சதில்லீங், சாமி சத்தியமா. ஒரு நாளு கம்பெனில ஒரே சண்டை, தலை வலி, வந்து எல்லாம் மாத்தி உட்டுட்டுச் சோத்துத் தட்டு முன்னால உக்காந்தனுங். மறுக்காவும் படுக்கைலயே போயிட்டாரு. ‘இப்பத்தான மாத்துனே மாமா’ன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டனுங். அவ்ளதானுங் சொன்னே.” அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “மக்கா நாள்ல இருந்து சாப்புடறதையே உட்டுட்டாருங். தின்னாத்தான போகும்னு. எம் முன்னாடி ரெண்டு வாய் வெப்பாரு, மீதிய எல்லாம் துண்டுல சுத்தி வெச்சுச் சன்னல் வழியா நாய்க்கு எறிவாரு. கால்ல உழுந்து கெஞ்சிப் பாத்தனுங். ‘பசிக்கல கண்ணு’ம்பாரு. இன்னிக்கு மூச்சு இழுத்ததும் பக்கத்து வீட்டுல ‘மொதல்ல நகத்தத் தேய்டீ’ன்னாங்க. தேச்சுப்போட்டனுங்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. “இதையே டாக்டர்கிட்டச் சொல்லு.”

“சொன்னா உட்ருவாங்களாங்?”

விடமாட்டார்கள். அதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஆரம்பத்தில், பெரியவரே சாப்பாட்டை ஒதுக்கினார் என்று சொல்ல இடம் இருந்தது. பட்டினி போட்ட படுபாவிகள் எல்லோரும் அதையே சொல்லத் தொடங்கியதும் அரசாங்கம் அந்த வழியை அடைத்துவிட்டது. இப்போது வாக்குமூலம் என்றால், சோறு போடாதவர் யார் என்று ஒரு பெயர் சொல்லியாக வேண்டும்.

“எதாச்சும் ஒரு பேரு வேணுங்களா?”

“ஆமா.”

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். குங்குமம் நெற்றியெல்லாம் ஈஷியது. என்னைத் தள்ளாத குறையாக விலக்கிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

“நாந்தானுங் சோறு போடல. எம் பேரப் போட்டுக்கங். மிருதுளா. வீட்டுக்காரருக்கு ஒண்ணுந் தெரியாதுங், அவரு லாரிலயேதான் கெடப்பாரு. சீக்கரம் மெதுவா உடறத உடுங்.”

டாக்டர் ஸஹானா என்னைப் பார்த்தார். அது பொய் என்று எனக்குத் தெரியும், அந்தப் பொய் இல்லாவிட்டால் அவர் பிழைக்க மாட்டார் என்றும் தெரியும். தலையை மட்டும் ஆட்டினேன். பம்பு மெதுவோட்டத்துக்கு மாறியது.

காவல் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். கிளம்பும்போது மிருதுளா என் பக்கம் திரும்பினாள். புருஷனுக்கு ஏதாவது சொல்லச் சொல்வாள் என்று நினைத்தேன்.

“மாமாவ வலது பக்கமாத் திருப்புனா இடுப்பு வலிக்குமுங். எடது பக்கமாத் திருப்பிச் சுத்தம் பண்ணுங் சிஸ்டர்,” என்றாள்.

சம்பத்குமார் பிழைத்துக்கொண்டார். முதல் நாட்களில் சொட்டுச் சொட்டாக, பிறகு கஞ்சி, பிறகு குழைந்த சோறு. காய்ச்சல் இறங்கியது, வீக்கம் வடிந்தது. வடிந்த பிறகு பார்த்தால் டாக்டர் சொன்னது சரி, உள்ளே எலும்புதான் இருந்தது.

மருமகளைக் கூட்டிப் போன சேதி தெரிந்த அன்று வார்டே நடுங்கும்படி கத்தினார். மகன் தரணீஷ் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனை அதட்டினார். “அழுகாதடா. நா எந்திரிச்சு நடந்து போயி ஜட்ஜுகிட்ட நேராச் சொல்லுவேன். அப்பறம் என்ன பண்ணுவாங்க?” அதன் பிறகு சாப்பிட்டார் பாருங்கள், அப்படிச் சாப்பிட்டார்! கஞ்சி வருவதற்கு முன்பே வாயைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பார். எங்கள் கையால் சுத்தம் செய்துகொள்ளவும் கூசவில்லை. “உடம்பு தேறோணுமில்லீங் அம்மணி,” என்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

காப்பகத்துக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள், சட்ட உதவி அலுவலர் வந்தார். நடுத்தர வயசுப் பெண், இரக்கமான முகம். மிருதுளாவுக்காக வாதாடுபவர் அவர்தான். நான் மாத்திரை கொடுக்க நின்றிருந்தேன்.

“நா வந்து சொல்றனுங் மேடம். எந்தத் தேதிக்கு வரோணும்?” என்று கேட்டார் சம்பத்குமார்.

“நீங்க வரலாம்ங்க. ஆனா உங்க பேச்ச எடுத்துக்க மாட்டாங்க,” என்றார் அவர், தயங்கித் தயங்கி. “பெத்தவங்க பிள்ளைங்களக் காட்டிக் கொடுக்க மாட்டாங்கன்னு சட்டமே அனுமானிச்சுக்குது. நீங்க சாதகமாச் சொல்றது எதுவும் செல்லாது.”

“பின்ன என்னதான் செல்லும்?”

“நகந்தான். உங்க நகத்தத் தேச்சுட்டதால இப்ப அவங்க வாக்குமூலம் மட்டுந்தான் இருக்கு. அதனால கோர்ட்டு, நகம் முழுசா வளரட்டும்னு சொல்லியிருக்கு. காப்பகத்துல மூணு வேளையும் குடுப்பாங்க. ஆறு மாசம் கழிச்சுப் படிப்பாங்க. அங்க சாப்பிட்டு நகம் நல்லா வந்துச்சுன்னா, உங்க உடம்புல கோளாறு இல்ல, வீட்டுலதான் போடலன்னு ஆயிரும்.”

“செரி. நல்லா வரலீன்னா?”

“அங்க எல்லாம் குடுத்தும் நகத்துல பட்டினியே தெரிஞ்சுதுன்னா, அது உங்க உடம்பு வாகு, வீட்டு மேல தப்பில்லன்னு ஆயிரும். கேஸ் நிக்காது. ஆனா அதெல்லாம் நடக்கற காரியமா? நீங்க நல்லாத் தேறிட்டு வர்றீங்களே.” ஆறுதலாகச் சிரித்துவிட்டு அவர் போய்விட்டார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

மத்தியானம் சோறு வந்தது. குழைய வடித்துப் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்திருந்தார்கள், வார்டு முழுக்க மணம். நான் தலையணையை உயர்த்தி வைத்து ஸ்பூனை நீட்டினேன். அவர் உதட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

“அய்யா, வாயத் திறங்க.”

“வேண்டாமுங் அம்மணி.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. “என்ன வெளையாட்டு இது? உங்களப் பொழைக்க வெக்கத்தான அவ போயி உக்காந்திருக்கா? நீங்க இப்பிடிப் பண்ணுனா அவ போனதுக்கு என்ன அர்த்தம்? ஆறு மாசம் தாங்குவீங்களா? காப்பகத்துல விட்ருவாங்களா உங்கள, மூக்குல குழாய் போட்டு ஊட்டுவாங்க, தெரியுமா?”

“குழாயப் புடுங்க எனக்குக் கையில்லீங்களா?” என்றார். குரலில் கோபமே இல்லை, எனக்குச் சமாதானம் சொல்வது போல இருந்தது. “அவ சின்னப் புள்ளைங். இன்னம் எத்தன வருசம் கெடக்குது அவளுக்கு.”

திட்டினேன், கெஞ்சினேன், அழவும் செய்தேன். சாமி பேரைச் சொன்னேன். ஸ்பூனை அவர் உதட்டருகிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். நெய் மணம் அவர் மூக்கில் ஏறியிருக்க வேண்டும். தொண்டைக் குழி ஏறி இறங்கியது, எச்சிலை விழுங்கினார். வாயைத் திறக்கவில்லை.